கீரப்பாளையத்து மடிக்கூடம்

1

ரோஸியின் அழைப்பு வந்தபோது நான் கொடியிலிருந்து ஒரு படுக்கை விரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். வெலிங்டன் காற்றில் துணி காயப்போடுவதும் எடுப்பதும் மல்யுத்தம்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"மாலதி, ஆடிட்டர் உன் பணத்தத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாருடி."

"ஏன்? அக்கவுண்ட் நம்பர் தப்பா?"

"நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீதான் தப்பு. நீ இப்ப வெளிநாட்டுக்காரியாம்."

கையிலிருந்த விரிப்பு பக்கத்து வீட்டு வேலிக்குப் போய்விட்டது. நான் நியூசிலாந்துக் குடியுரிமை வாங்கி அந்த வாரத்தோடு ஒரு வருடம் முடிந்திருந்தது. நகர மண்டபத்தில் மேயர் கைகுலுக்கினார், உறுதிமொழி சொன்னோம், தேநீர் குடித்தோம். ரோஸிக்குப் படம்கூட அனுப்பியிருந்தேன்.

"போட்டோல பட்டுப்புடவை கட்டிக்கிட்டு நின்ன. நான் கல்யாண நாளுன்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

ஆடிட்டர் சொன்னது சட்டப்படி சரி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவரை, உலகத்தின் எந்த மூலையிலிருந்து என் சேமிப்பை அனுப்பினாலும் அது நம்மூர்ப் பணம். கடவுச்சீட்டு மாறிய நாளிலிருந்து அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க டெல்லியின் அனுமதி வேண்டும். எங்களுடையதைப் போன்ற சின்ன அறக்கட்டளைக்கு அது லேசில் கிடைக்கிற விஷயமில்லை. அம்மாவின் மருந்துக்கு அனுப்பலாம், தம்பி மகளின் படிப்புக்கு அனுப்பலாம். சொந்தக்காரர்களுக்கு நான் இன்னும் மாலதி. அறக்கட்டளைக்கு மட்டும் அந்நியள்.

"கையில இருக்கறத வெச்சி ரெண்டு மாசம் இழுக்கலாம்டி. அதுக்கப்புறம் வேலைக்கு வர்ற ரெண்டு பொண்ணுங்களையும் நிறுத்தணும்."

"நிறுத்தக் கூடாது, ரோஸி."

"வாயால சொல்லிட்டா ஆச்சா?"

2

எதை நிறுத்தக் கூடாது என்று சொன்னேன் என்பதை விளக்க வேண்டும்.

இங்கே வந்த புதிதில் என் மகள் யாழினி தவழ்ந்துகொண்டிருந்தாள். கணவர் வேலைக்குப் போனபின் வீட்டில் பேச ஆள் இல்லை. தபால்காரர் தாண்டிப்போனால்கூடக் கூப்பிட்டுப் பேசலாமா என்று தோன்றும். எங்கள் தெருமுனையில் ஒரு பழைய மரக்கூடம் இருந்தது. அதற்குள் அக்கம்பக்கத்துத் தாய்மார்களும் சில அப்பாக்களும் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியே பார்த்து ஒருநாள் உள்ளே போனேன். ஆசிரியர் யாரும் இல்லை. பெற்றோர்களே முறைவைத்து நடத்துகிறார்கள். மணல், தண்ணீர், சாயம், மரத்துண்டுகள். குழந்தை எதைக் கையில் எடுக்கிறதோ அதைப் பற்றிப் பெரியவர் பேச வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

அடுத்த வாரம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம், 'ஒரு பிளேட் கொண்டு வா' என்றார்கள். பாவம், தட்டுக்குப் பஞ்சம்போல என்று நினைத்து, சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் தட்டுகளை ஒரு பையில் அடுக்கிக் கொண்டுபோனேன். இந்த ஊரில் 'பிளேட்' என்றால் அதில் பலகாரம் இருக்க வேண்டும் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. ஒரு பெண்மணி சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தத் தட்டுகளை வாங்கிக் குழந்தைகளிடம் கொடுத்தார். அன்று முழுக்க அவை தாளம் போட்டன.

அங்கேதான் திட்டமிடுவது என்றால் என்ன என்று கற்றேன். எந்த மாதம் எந்தக் குழந்தை எதில் ஆர்வமாக இருக்கிறது, யார் எந்த நாள் வருவார், கூரை ஒழுகினால் யார் பார்ப்பார், அரசு தரும் மானியம் போதாவிட்டால் எங்கே நின்று என்ன விற்பது. இதையெல்லாம் தாய்மார்களே பேசி முடிவெடுத்தார்கள். எனக்கு இங்கிலீஷும் அந்தக் கூட்டங்களில்தான் வந்தது.

ஊரில் இருந்த ரோஸியிடம் இதைப் பற்றிப் போனில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ரோஸி கடலூர் முதுநகர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச். நான் கல்யாணமாகிக் கடல் கடந்தேன். அவள் கல்யாணமாகிச் சிதம்பரம் போனாள். அங்கே ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. ஆசிரியையாக இருந்து, பால்மணம் மாறாத பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கச் சொன்னதால் சண்டைபோட்டு வெளியே வந்தவள்.

"மூணு வயசுக்கு மேல அங்கன்வாடி இருக்கு. அதுக்குக் கீழ? சத்துமாவு குடுக்கறாங்க, எடை பாக்கறாங்க, ஊசி போடறாங்க. ஒக்காந்து பேசறதுக்கு யாரு இருக்கா?" என்று அவள்தான் கேட்டாள்.

அப்படித் தொடங்கியது கீரப்பாளையத்தைச் சுற்றிய ஊர்களில் வாரம் ஒரு காலை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையும் அதை மடியில் தூக்கிவரும் பெரியவரும் சேர்ந்து வர வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு முந்தியது என்பதால் மடிக்கூடம் என்று ரோஸி பெயர் வைத்தாள்.

3

தொடங்கும்போதே ஒரு சண்டை நடந்தது.

எங்கள் ஊர்க்காரர்களில் வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு உண்டு. அதில் பெரிய கை பாலு மாமா. என் அத்தை மகன், துபாயில் கட்டுமான வேலைகளில் சூப்பர்வைசர். கோயிலுக்கு மண்டபம், பள்ளிக்குச் சுற்றுச்சுவர் என்று முன்னால் நின்று செய்தவர். நான் என் திட்டத்தைக் குழுவில் போட்டதும் அவர் ஒரு கட்டடத்தின் வரைபடத்தைப் போட்டார். முகப்பில் வளைவு, உள்ளே பெரிய டிவி, கல்வெட்டு.

"கட்டடம் வேணாம் மாமா. பஞ்சாயத்து சமுதாயக் கூடம் சும்மாதான் கெடக்குது. ரெண்டு பொண்ணுங்களுக்குச் சம்பளம், ஆட்டோ செலவு, சுண்டல். அதுக்குத்தான் பணம் வேணும்" என்றேன்.

"சம்பளத்துக்குக் குடுத்தா, நாளைக்கி நான் ஊருக்கு வந்து எதப் பாக்கறது? கட்டடம்னா நிக்கும்."

"புள்ளைங்க நிக்கும்."

கொஞ்சம் துடுக்காகத்தான் வந்துவிட்டது. அவர் பதில் போடவில்லை. அதற்குப்பின் என்னோடு பேசவும் இல்லை. நானும் கெஞ்சவில்லை, என் சம்பளத்திலிருந்தே அனுப்பத் தொடங்கினேன்.

முதல் வாரங்கள் சோதனையாக இருந்தன என்று ரோஸி சொல்வாள். வந்தவர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, எப்போது எதைக் கொடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். "ஏபிசிடி எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பார்கள். நடவு தொடங்கினால் கூடம் காலி. நூறு நாள் வேலை வந்தாலும் காலி. ரோஸி நேரத்தை மாற்றினாள், கிழமையை மாற்றினாள், களத்துமேட்டு மரத்தடிக்கே கூடத்தைக் கொண்டுபோனாள். ஈர மணலும் வடிகட்டியும் தேங்காய்ச் சிரட்டையும் வைத்தாள். பிள்ளைகள் முதலில் இறங்கின. பிறகு ஒரு தாய், தன் பிள்ளைக்குப் பதில் சொல்வதற்காகத் தரையில் நகர்ந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு ரோஸி எனக்கு அனுப்பிய குரல் செய்தியில் சிரிப்பு மட்டும்தான் இருந்தது.

4

தமிழரசி வந்தது அப்படியொரு நாளில். கணவர் கேரளாவில் கொத்தனார். மாமியார் வீட்டில் இருந்தாள். பையன் கவினுக்கு இரண்டு வயது தாண்டியிருந்தது; பேச்சில்லை. "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசுனான்" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள்.

ஒருநாள் சுண்டல் வைத்திருந்த குண்டான் மேடையிலிருந்து உருண்டு சிமெண்டுத் தரையில் விழுந்தது. பிள்ளைகள் அத்தனையும் தூக்கிவாரிப்போட்டதுபோலத் திரும்பின. ஒன்றிரண்டு அழ ஆரம்பித்தன. கவின் சிரட்டையில் மணலை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தாய் சொன்னாள், "தமிழு, ஒம் பையன் திரும்பவே இல்லையே."

"வெளையாட்டு மும்முரத்துல இருக்கான்."

"இல்ல தமிழு. மறுபடி தட்டிப் பாப்போம்."

தமிழரசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சில வாரங்கள் வரவில்லை. ரோஸி போய்ப் பார்த்தாள், கதவு திறக்கவில்லை. பிறகு அந்தத் தாய்மார்களே நாலைந்து பேர் சேர்ந்து, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள். மருத்துவமனை என்ற பேச்சையே எடுக்கவில்லையாம். பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருந்தார்களாம். அவர்கள் எழுந்தபோது தமிழரசி கேட்டாள், "கடலூருக்கு யாராச்சும் தொணைக்கு வருவீங்களா?"

கடலூர் அரசு மருத்துவமனையில் பார்த்தார்கள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. முழுச் செவிடு இல்லை. கருவி பொருத்தினார்கள். சிதம்பரத்தில் பேச்சுப் பயிற்சி. இப்போதே வந்தது நல்லது, பள்ளியில் சேர்க்கிற வயதில் வந்திருந்தால் பேச்சைக் கொண்டுவருவது பெரும்பாடு என்று டாக்டர் சொன்னாராம். கவின் அந்தக் கருவியைப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் போடுவான், அவள் துடைத்து மறுபடி மாட்டுவாள். மாதக்கணக்கில் இந்தப் போராட்டம்.

ஒருநாள் மாலை எனக்கே போன் செய்தாள். "அக்கா, எம்புள்ள பேசிட்டான்."

"என்ன சொன்னான்?"

"என்னப் பாத்து 'போ'ன்னான்கா. மெஷின மாட்டப் போனேன், 'போ'ன்னுட்டான்." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இதைத்தான் நிறுத்த வேண்டும் என்று ரோஸி சொன்னாள்.

5

பணத்தை என் தம்பிக்கு அனுப்பி, அவன் பெயரில் கொடுக்கச் சொல்லலாமா என்று ஆடிட்டரிடம் கேட்டேன்.

"மேடம், சட்டத்துக்கு முதுகு காட்டிக்கிட்டுப் புள்ளைங்களுக்கு நல்லது பண்ண வேணாம். நாளைக்கி நோட்டீஸ் வந்தா ரோஸி மேடம்தான் பதில் சொல்லணும்" என்றார். அந்த யோசனையை அன்றே விட்டேன்.

சாப்பாட்டு மேசையில் இந்தக் குழப்பத்தைச் சொன்னபோது யாழினி ஆங்கிலத்தில் கேட்டாள்: "அவ்வளவு அக்கறை இருந்தால் நீ ஏன் அங்கிருந்து வந்தாய்?"

அவளுக்கு இப்போது பதினேழு வயது. தமிழ் புரியும், பேச மாட்டாள். அவளுக்கு அது 'அம்மாவின் ப்ராஜெக்ட்'. குத்திக் கேட்கவில்லை; உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அப்பாவுக்கு இங்க வேலை கெடச்சுது, வந்தோம். வந்ததாலதான் இதப் பாத்தேன்" என்றேன் தமிழில்.

"அப்படியென்றால் நீ இங்கேயே ஏதாவது செய்யலாமே?"

இங்கே நன்றாக நடக்கிறது, அங்கே இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். அடுத்த வருடம் அவள் படிக்க நியூசிலாந்தின் தென்தீவுக்குப் போகிறாள். அவளைக் கீரப்பாளையத்தோடு ஒட்டவைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அது அவள் வளர்ந்த ஊர் இல்லை. அன்று எனக்கு அவளைவிட அவசரமாகப் பேச வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார்.

குடியுரிமை தராத நாடுகளில் இருப்பவர்கள் எத்தனை வருடமானாலும் இந்தியக் கடவுச்சீட்டோடுதான் இருப்பார்கள். வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்தாலும் அவர்கள் பணம் நம்மூர்ப் பணம்தான். பாலு மாமாவுக்குப் போன் போட்டேன்.

"அன்னிக்கி என் கட்டடம் வேணான்ன. இன்னிக்கி ஒன் பணம் செல்லாதுன்னதும் மாமன் ஞாபகம் வந்துடுச்சா?"

"ஆமாம் மாமா."

சுற்றி வளைக்காமல் சொன்னது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். சிரித்தார். "பொங்கலுக்கு வரேன். நீயும் வா. நேர்ல பேசிக்கலாம்."

6

சொந்த ஊருக்குப் போக விசா வாங்க வேண்டியிருந்தது. வருகையின் நோக்கம் என்ற இடத்தில் உறவினரைப் பார்க்க என்று குறித்தேன். சென்னை விமான நிலையத்து அதிகாரி என் பெயரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். "சிதம்பரத்துக்குப் பக்கம்" என்றேன். முத்திரை குத்திவிட்டு, "கடலூர்ப் பக்கம் ரோடு வேலை நடக்குது, பாத்துப் போங்க" என்றார்.

பொங்கல் முடிந்த வாரத்தில் சமுதாயக் கூடத்தில் கூடினோம். ரோஸி, பாலு மாமா, நான், தாய்மார்கள், அவர்கள் பிள்ளைகள். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். ஒரு குழந்தை அவர் செருப்பை இழுத்துக்கொண்டு போயிற்று.

"நான் சைட்ல வேல பாக்கறவன். அஸ்திவாரத்தப் பாக்காம எதுக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். இது எத்தன வருஷம் ஓடும்? இந்தப் பொண்ணுங்க வேலைய விட்டுட்டா? ரோஸிம்மாக்கு ஒடம்பு சரியில்லன்னா?"

நான் வெலிங்டனிலிருந்து தயாரித்து வந்ததை எடுத்துச் சொன்னேன். மூளை வளர்ச்சி, முதல் ஆயிரம் நாள், மொழி. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கண் கூரையை அளந்துகொண்டிருந்தது.

தமிழரசி எழுந்து நின்றாள். அவள் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன். இங்க வரலைன்னா எம்புள்ளைக்கிக் காது கேக்கலைன்னு ஸ்கூல்ல போட்டப்பதான் தெரிஞ்சிருக்கும். அப்ப தெரிஞ்சி என்னா பிரயோஜனம்? எனக்குக் கட்டடம் வேணாண்ணே. அந்தக் குண்டான் விழுந்தப்ப பக்கத்துல ஒருத்தி ஒக்காந்திருந்தா பாருங்க, அவ வேணும். அவ வந்து ஒக்கார்றதுக்கு ஒரு எடம், கூப்புட ஒரு ஆளு. அதுக்குத்தான் கேக்கறோம்."

சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்தாள். மாமா கால்மேல் போட்டிருந்த காலை இறக்கினார்.

"சரி. ஒரு பொண்ணு சம்பளம் நான் தரேன். ஆனா ரெண்டு கண்டிஷன். எங்கம்மா பேரு போட்ட போர்டு வாசல்ல மாட்டணும்."

நான் ரோஸியைப் பார்த்தேன். எனக்கு இந்தப் பெயர்ப்பலகைச் சமாச்சாரமே பிடிக்காது. ரோஸி என் கையைக் கிள்ளினாள்.

"பேருதானே அண்ணா? பெருசாவே எழுதிடலாம். அடுத்தது?"

"ஊரும் போடணும். எல்லாத்தையும் ஒருத்தன் தலையில வெச்சா மாலதி கதிதான் எனக்கும். நாளைக்கே எனக்கு வேல போச்சுன்னா? ஒரு தூண்ல கட்டடம் நிக்காது."

எனக்கு வெட்கமாக இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. நான் இத்தனை நாள் தனியாகத் தாங்கிக்கொண்டிருந்த இடத்தை அவர் விரல் வைத்துக் காட்டிவிட்டார்.

"நாங்க எங்கண்ணே போறது பணத்துக்கு?" என்றாள் ஒருத்தி.

"பணம் இல்லாட்டி நெல்லு இருக்குல்ல?" என்றாள் இன்னொருத்தி. "அறுப்பு முடிஞ்சதும் வீட்டுக்கு ஒரு மரக்கா போடுவோம். கோயிலுக்குப் போடறோம், இதுக்குப் போட மாட்டமா?"

"நெலம் இல்லாதவங்க?"

"மொற வெச்சிக் கூடத்தப் பெருக்கட்டும், சுண்டல் அவிக்கட்டும். வந்து ஒக்காந்தாலே போதும்."

பேச்சு அதற்குப்பின் என் கையிலும் இல்லை, மாமா கையிலும் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்த இரண்டு பெண்களில் ஒருத்தி கல்யாணமாகி ஸ்ரீமுஷ்ணம் போகவிருந்தாள். அந்த இடத்துக்குத் தமிழரசி பெயரைச் சொன்னார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டே, "செய்யறேன்" என்றாள். அவளுக்கான சம்பளம் நெல் விற்ற பணத்திலிருந்து. நெல் போதாத மாதத்தில் என்ன செய்வது என்று கேட்டேன். கூடத்துக்கு முன்னால் சந்தை நாளில் இட்லிக் கடை போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ரோஸி ஒவ்வொன்றுக்கும் கை தூக்கச் சொன்னாள். மாமாவும் தூக்கினார். அவர் செருப்பு திரும்பக் கிடைக்கச் சாயங்காலம் ஆயிற்று.

7

இப்போது மாதம் ஒருமுறை, அவர்களுக்குக் காலையும் எனக்கு மாலையுமான நேரத்தில், நான் போனில் அந்தக் கூட்டத்தில் சேருகிறேன். என் பணம் இல்லை. என் பெயரும் அறக்கட்டளையில் இல்லை. "பணம் குடுக்க ஆளு கெடச்சாச்சு. திட்டம் போடத் தெரிஞ்ச ஆளு நீதான், வந்து ஒக்காரு" என்று ரோஸி சொல்லிவிட்டாள். சமையலறையில் போனைத் தண்ணீர்க் குடுவையில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவேன்.

போன கூட்டத்தில் புதிதாக ஓர் இடம் தொடங்குவதைப் பற்றிப் பேச்சு வந்தது. நான் சிதம்பரம் நகர எல்லையைச் சொன்னேன். பேருந்து வசதி உண்டு, நன்கொடை தருபவர்கள் வந்து பார்க்கலாம், குடும்பங்கள் நிலையாக இருப்பதால் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று வருடக்கணக்கில் கவனிக்கலாம். நல்ல காரணங்கள்தான். நன்றாகத் தயாரித்துக்கொண்டுதான் பேசினேன்.

"செங்கல் சூளைக்குப் போவணும்" என்றாள் தமிழரசி. "அங்க புள்ளைங்க நெறைய இருக்குதுங்க. அம்மா கல்லு அறுக்கும்போது அதுங்க மண்ணுல கெடக்குதுங்க."

"அவங்க சீசன் முடிஞ்சா போயிடுவாங்களே தமிழு. கொஞ்ச மாசத்துல என்ன செய்ய முடியும்?"

"போறவரைக்கும் வந்து வெளையாடட்டும்கா. எம்புள்ளைக்கிக் காது கேக்கலைன்னு தெரிஞ்சது ஒருநாள்லதான்."

ரோஸி கை தூக்கச் சொன்னாள். போன் திரையில் எனக்குக் கூடத்தின் ஒரு மூலை மட்டும்தான் தெரியும். அந்த மூலையில் இருந்த கைகள் எல்லாம் சூளைக்குத் தூக்கியவை. நான் இன்னொரு காரணம் சொல்ல வாயெடுத்தேன்.

"அக்கா, நீங்க சொன்னது நல்லா கேட்டுது" என்றாள் தமிழரசி. குரல் தணிவாக இருந்தது, தயக்கம் இல்லை. "ஆனா முடிவாயிடுச்சு."

அடுப்பில் குக்கரின் ஆவி அடங்கியிருந்தது. யாழினி கதவருகில் நின்று, "தோத்துட்டியா அம்மா?" என்றாள், தமிழில்.

"ஆமாம்" என்றேன். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"சரி தமிழு, சொல்லு. சூளைவரைக்கும் ஆட்டோ போகுமா, நடக்கணுமா? நிழல் இருக்கா? தண்ணி எங்கேயிருந்து எடுக்கறது?"